மேஜரின் சாயங்கால நடை

எடை குறைய நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் எட்மண்ட் அங்கிள் தன் நாய் மேஜரைத் தினமும் சாயங்காலம் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார். அங்கே பெஞ்சில் மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய ஷிப்ட் ஆட்கள் யாராவது இருப்பார்கள். சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவார். மேஜர் மஞ்சள் நிற லேப்ரடார். மேலிருந்து பார்த்தால் இடுப்பே தெரியாது.

பெங்களூர் ரயில் நின்றதும் மேஜர் கடைசிப் பெட்டிக்குப் போகும். அவர்கள் தெரு மமதா இறங்குவாள். பிளாட்பாரத்தின் கோடியில், யாரும் பார்க்காத இடத்தில், டிபன் பாக்ஸைத் திறந்து மேஜர் முன்னால் கவிழ்ப்பாள்.

அவள் பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். சேர்ந்த புதிதில் அம்மா கட்டிய கருவாட்டுக் குழம்பைத் திறந்தபோது உடன் வேலை செய்யும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மமதாவும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு தயிர்சாதம் கட்டினாலும் அவளால் அங்கே பாக்ஸைத் திறக்க முடியவில்லை. டீயும் பன்னும் போதும் என்றிருந்தாள். ஆனால் விடியுமுன் எழுந்து சமைக்கும் அம்மாவிடம் நிறைந்த பாக்ஸை எப்படி நீட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அவளும் குழாயடியில் நின்றிருந்தபோது ஆட்டோ வந்தது. எட்மண்ட் அங்கிளின் மனைவி டெய்சி ஆன்ட்டி கத்திக்கொண்டே இறங்கினாள்; பின்னால் அவரும் மேஜரும்.

"கொறையறதுக்கு பதிலா ஏறிக்கீது! டாக்டர் விலாவுல கைய வச்சாரு, எலும்பே தட்டல. இப்டியே போனா பின்னங்கால் ரெண்டும் விழுந்துடும்ன்றாரு. நான் கப்புல அளந்து அளந்து போடறேன். இந்த மனுசன் வாக்கிங்னு கூட்டிகினு போயி பேக்கரில வாங்கிப் போடறாரு!"

"ஏசு சத்தியமா ஒரு பிஸ்கட்டு கூட போடல, டெய்சி."

"சத்தியம் வேற! பல்லு போன வயசுல பொய்யி."

"அங்கிள், எனக்கும் ஒரு பப்ஸ் வாங்கிக் குடுங்க" என்றாள் குடத்தோடு நின்றிருந்த வெங்கடம்மா. குழாயடியே சிரித்தது. எட்மண்ட் அங்கிள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே நாயி உங்ககூட வெளிய வராது. சங்கிலிய இப்டி குடுங்க."

அவர் கொடுத்தார். அதற்குள் மேஜர் பின்னங்காலை இழுத்து இழுத்து மமதாவிடம் வந்துவிட்டது. அவள் கையை முகர்ந்தது. ஸ்டேஷனில் உட்காருவதுபோலவே அவள் எதிரில் உட்கார்ந்தது.

"நான்தான் ஆன்ட்டி."

"இன்னா நீதான்?"

"என் பாக்ஸ் சோறு. டெய்லி நான்தான் போடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. எட்மண்ட் அங்கிள் அவளைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெய்சி ஆன்ட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மமதாவின் அம்மாவுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் சங்கிலியை எட்மண்ட் அங்கிள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அம்மாவின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"நேத்து கறி கட்னேனே, அதுவுமாடி?"

மமதா தலையசைத்தாள்.

அம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"உப்பு கிப்பு தூக்கலா போவுதா? சொன்னா மாத்தி செய்வேன் இல்ல?"

மேஜர் இன்னும் மமதாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.