சிலைக்குத் தலை சுற்றியது

வங்கி வாசலில் முப்பத்தொரு வருஷம் காவல் நின்றவருக்குச் ‘சிலை’ என்று பட்டப்பெயர். ஒருமுறை அவர் தொப்பியில் காக்கை கூடு கட்டியது. குஞ்சுகள் பறந்து போன பிறகுதான் மனிதர் தலையைச் சொறிந்தார். சந்தேகப்படுகிறவர்கள் அந்தக் காக்கையை விசாரித்துக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவர் இன்று காலை நாற்காலியை விட்டு எழுந்ததும் தலைசுற்றி விழுந்தார். அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்த மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: “எழுந்தா தல சுத்துதுன்னா மூணாம் மாடில குடியிருக்க வேணாம்பா. நீங்களும் அம்மாவும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க.”

மருமகன் குறட்டையில் இரண்டு ஜன்னல் பெயர்ந்த வீடு அது. சிலை முடிவு கட்டிவிட்டார்: இன்று சுற்றக் கூடாது.

நர்ஸ் ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றைம்பது.

“இப்போ நில்லுங்க தாத்தா. ஒரு நிமிஷத்துல பாப்பேன், மூணாவதுல மறுபடி பாப்பேன்.”

“மூணு நாள் வேணாலும் நிக்கிறேன்மா.”

நின்றார். நூற்று நாற்பத்தாறு. மகள் முகம் தெளிந்தது. நர்ஸின் பார்வை மட்டும் கீழே போயிற்று.

“விரலெல்லாம் வெளுத்துப்போச்சே! தரையப் பேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?”

வெயிலில் மயங்காமலிருக்கக் காவல்காரர்கள் செய்யும் வித்தை அது: கெண்டைக்காலை இறுக்கி, விரலால் தரையைக் கவ்வுவது.

“காலைல இப்படித்தான் எழுந்தீங்களா?”

சிலை தன் கால் விரல்களைக் குனிந்து பார்த்தார்.

“என்னை ஏமாத்திடலாம் தாத்தா, மாடிப்படிய ஏமாத்த முடியாது. படுங்க, முதல்லேர்ந்து.”

மாடிப்படி என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. மறுபடி ஐந்து நிமிஷம் படுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, காலைத் தளர விட்டு நின்றார். நூற்றுப் பதினெட்டு. சுவர் சாய்ந்தது.

“சுத்துதும்மா,” என்றார், பிறந்ததிலிருந்து முதல் முறையாக. இருவரும் பிடித்து உட்கார வைத்தார்கள்.

“பிரஷர் மாத்திரை எப்படிப் போடுறீங்க?”

“போன வாரத்துலேர்ந்து பொண்டாட்டி எடுத்துக் குடுக்குறா. அப்புறம் நானும் ஒண்ணு போட்டுக்குவேன்.”

“அப்பா!” என்று மகள் அலறினாள். “ஏம்பா?”

“அடுத்தவங்க பூட்டுன பூட்ட நான் ஒரு தரம் இழுத்துப் பாக்காம போனதில்லையே.”

டாக்டர் ஈ.சி.ஜி.யையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்தார், அவற்றில் குறையில்லை. “இனிமே ஒரு மாத்திரைதான். அடுத்த வாரம் வந்து மறுபடி நின்னு காட்டணும்.”

“மூணாம் மாடி?” என்றார் சிலை.

மகள் பெருமூச்சு விட்டாள். “அடுத்த வாரம் வரைக்கும் நான் அங்க வந்து இருக்கேன். அப்புறம் பாப்போம்.”

“அந்தக் கால் வித்தைய வீட்ல எழுந்திருக்கும்போது செய்யுங்க,” என்றாள் நர்ஸ். “எங்கிட்ட வேணாம்.”

சிலை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பத்து தரம் இறுக்கினார். பிறகு இன்னொரு பத்து தரம் இறுக்கிச் சரிபார்த்தார்.