நான்காம் பெஞ்சைத் தாண்டாத அம்மா

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பள்ளி மண்டபத்தில் ஒத்திகை தொடங்கியது. எட்டாம் வகுப்பு மாணவிகள் பதினாறு பேர் வந்திருந்தனர். அரங்கேற்றத்துக்கு எட்டு நாள்களே இருந்தன. தாயாக நடிக்கும் பெண்ணின் குரல் நான்காம் பெஞ்சைத் தாண்டவில்லை.

வகுப்பில் அவளுக்கு 'முணுமுணு' என்று பெயர். வெளியூர் போகும் மகளை வழியனுப்பும் தாயின் வேடத்தை நாடக ஆசிரியைதான் பிடிவாதமாக அவளுக்குக் கொடுத்திருந்தார். நாளைக்குள் கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் ஆளை மாற்றும்படி தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆசிரியை கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "வயித்திலேருந்து பேசும்மா."

முணுமுணு மூச்சை இழுத்து, "பத்திரமா போயிட்டு வா" என்றாள். கேட்டது. ஆனால், அம்மாவைக் காணோம். பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவுகிறவர்தான் மிஞ்சினார்.

"பஸ்ஸ கிளப்பிட்டா, மிஸ்," என்றாள், மகளாக நடிக்கும் வாயாடி. "அந்த வேஷத்த என்கிட்ட குடுங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"சத்தம் போதும்னா பள்ளிக்கூட மணிக்கே வேஷம் கட்டியிருப்பேன்."

முணுமுணு தலையைக் குனிந்துகொண்டாள். "அவளே பண்ணட்டும், மிஸ்."

ஆசிரியைக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுத்த அந்தக் குரலிலும் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது.

"வசனத்த மறந்துடுங்க. மக கிளம்பப்போறா. அம்மா என்ன செய்வாளோ அத செய். நான் கைதட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் வேஷத்த விட்டு வெளிய வரக்கூடாது" என்றார். அவர் வகுப்பில் அது மீறக்கூடாத விதி. அப்போதே அலுவலகத்திலிருந்து அழைப்பு வர, எழுந்து போனார். உடைகளின் அளவுப் பட்டியலைச் சரிபார்ப்பதில் விதி அடியோடு மறந்துபோனது.

திரும்பியபோது மணி மூன்று ஐம்பது. மண்டபத்தில் அரவமே இல்லை. எல்லாரும் கம்பி நீட்டியிருப்பார்கள் என்று எண்ணி எட்டிப் பார்த்தார். இருவரும் மேடையை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தனர். கையில் இல்லாத சீப்பால் முணுமுணு வாயாடிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மற்ற பதினான்கு பேரும் நெருக்கியடித்துச் சுற்றி அமர்ந்திருந்தனர்.

"ஆடாதடி. தினம் போன் பண்ணலேன்னாலும் பரவாயில்ல. சாப்பிட்டியான்னு கேக்கறப்ப பொய் மட்டும் சொல்லாத."

"சரிம்மா," என்றாள் வாயாடி. அப்படியே சாய்ந்து முணுமுணுவின் மடியில் தலை வைத்துக்கொண்டாள்.

ஆசிரியை கைதட்டவில்லை. ஓசைப்படாமல் போய்த் தலைமையாசிரியையை அழைத்து வந்தார்.

"இப்படிக் கீழ உக்காருங்க, மேடம்."

"என் முட்டிய யார் கேக்கறது?"

"நான் தூக்கி விடறேன்."

தலைமையாசிரியை உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசி வரிசைக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?" என்றார் தாழ்ந்த குரலில்.

"கடைசி வரிசையே வேண்டாம், மேடம். தப்பு என்னோடது. அவ குரல இழுத்துப் பாத்தேனே தவிர பெஞ்ச இழுத்துப் பாக்கல."

அதன் பிறகே கைதட்டினார்.

"நாப்பது நிமிஷம், மிஸ். கால் மரத்துப்போச்சு," என்று வாயாடி முனகினாள், ஆனால், முணுமுணுவின் மடியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அன்று மாலை முடிவானது இது: தாயின் வேடம் முணுமுணுவுக்கே. நாடகம் மேடையில் நடைபெறாது; மண்டபத்தின் நடுத்தரையில் நடைபெறும். மூன்று பக்கமும் இரண்டிரண்டு வரிசையாகப் பெஞ்சுகள் போடப்படும். ஒரு காட்சிக்கு அறுபது பேருக்கு மேல் அனுமதி இல்லை. ஆகவே, ஒரே நாளில் மூன்று காட்சிகள்.