பதினோரு டிகிரி இடப்பக்கம்

போர்ப் பதக்கம் சட்டையில் குத்தப்பட்ட அந்த நொடியில் கப்பற்படை அதிகாரி இடப்பக்கமாகப் பதினோரு டிகிரி சாய்ந்தார். ஊசி உடம்பில் ஏறிவிட்டதோ என்று அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு அதிகாரி நிமிரவுமில்லை, விழவுமில்லை. சரக்கு ஒருபுறம் சரிந்த கப்பல் கவிழாமல் துறைமுகம் சேர்வதைப் போல வீடு வந்து சேர்ந்தார். இரவில் பதக்கத்தைக் கழற்றி வைத்தும் சாய்வு கழலவில்லை. மருத்துவர் முதுகெலும்பைப் படம் எடுத்தார். அது அளவுகோலைப் போல நேராக இருந்தது. சாய்வைச் சரிக்கட்ட மனைவி அவருடைய நாற்காலியின் இடது கால்களுக்கு அடியில் மரச்சக்கை செருகினாள். தையற்காரர் சட்டையின் இடது ஓரத்தை இரண்டு அங்குலம் ஏற்றி வெட்டினார். "பதக்கம் என்னங்க, ஒரு பிடி கனம்கூட இல்ல. ஐயாவுக்குப் பெருமைதான் கனக்குது. அதை எந்த நாடாவால அளக்கிறது?" என்று சிரித்தார். தெருவும் அவ்வாறே நம்பியது. 'சாய்வுத் தளபதி' என்று செல்லப்பெயர் வைத்து, ஆண்டுதோறும் பள்ளி மண்டபத்துக்கு அழைத்து, மாலையிட்டு, உள்ளங்கை சிவக்கக் கைதட்டியது.

பெருமை அன்று அது என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. படையெடுப்பின் நான்காம் நாள் காலையில், பதினெட்டுக் கப்பல்களுக்கு முன்னால் அவருடைய கப்பல் சென்றது. உடைந்த மீன்படகின் பலகைகளைப் பற்றிக்கொண்டு தண்ணீரில் கிடந்தவர்களைத் தொலைநோக்கியில் கண்டார். ஒருவர் மஞ்சள் துணியை ஆட்டினார். பதிவேட்டில் 'ஆட்கள், பதினொன்று' என்று எழுதினார். நிறுத்தினால் அணிவரிசை குலையும். குலைந்தால் கேள்வி வரும். கப்பற்பதிவேட்டில் எழுதிய சொல்லைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு கிழித்து, மேலே திருத்தம் எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். முறை தவறாத மனிதர் அல்லவா! 'ஆட்கள்' என்பதன் மேல் கோடு கிழித்தார், 'மரக்கட்டைகள்' என்று எழுதினார், ஒப்பமிட்டார். கப்பல் நிற்கவில்லை. 'ஒரு நிமிடமும் தாமதியாமல் படையைக் கொண்டு சேர்த்தமைக்காக' என்று பாராட்டுப் பத்திரம் முழங்கியது. அந்த ஒரு நிமிடம்! அதை வேண்டித்தானே அந்தத் துணி ஆடியது? அரசு கொடுத்தது, அவை வாழ்த்தியது, அவர் வாங்கிக்கொண்டார். இருபது ஆண்டுகள் கண்ணாடியில் தம் முகத்தைப் பாராமலே சவரம் செய்துகொண்டார்.

பதக்கம் பெற்ற இருபதாம் ஆண்டு விழாவுக்காக, வரலாற்று ஆசிரியையான மகள், ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் படியை வாங்கி வந்தாள். பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டுவது அவள் எண்ணம்.

"அப்பா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தையை அடிச்சிட்டு மரக்கட்டைன்னு எழுதியிருக்கீங்க. அடிச்ச வார்த்தை படியில தெளிவா இல்ல. சரி. ஆனா கடல்ல மிதக்கிற கட்டையைப் பதினொன்னுன்னு எண்ணி யாருப்பா எழுதுவாங்க?"

"அவரு இன்னும் சாப்பிடலடி, அப்புறமா கேளேன்" என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி. நாற்காலிக்கு மட்டுமல்ல, அந்தக் கேள்விக்கும் இத்தனை காலமாக அவள் சக்கை செருகி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சொல்லைத் திருத்தியவர் எண்ணைத் திருத்த மறந்திருந்தார். மகள் படியை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர் முகத்தை அவள் மறுபடி பார்க்கவில்லை. அமைச்சர் பார்க்கலாம், ஊர் பார்க்கலாம்; இனி இவள் பார்ப்பாளா?

மறுநாள் மண்டபத்தில் அவர் வாய் திறக்கும் முன்பே கைதட்டினார்கள். ஓயும்வரை காத்திருந்தார். "அன்னிக்குக் கடல்ல மிதந்தது கட்டை இல்லீங்க. ஆளுங்க. பதினோரு பேரு. துணியை ஆட்டிக் கூப்பிட்டாங்க. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன்" என்றார், பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மகள் முன்வரிசையிலிருந்து அவரை நேராகப் பார்த்தாள்.

அவர் நிமிரவில்லை. அவைதான் சாய்ந்தது. இருபது ஆண்டுகள் கைதட்டிய அத்தனை பேரும், தலைமையாசிரியர் முதல் ஒலிபெருக்கிக்காரர் வரை, ஓசையின்றி இடப்பக்கமாகப் பதினோரு டிகிரி சாய்ந்தார்கள். அப்படியே எழுந்து அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். அந்த வாரம் தச்சர் நிறைய மரச்சக்கைகள் செதுக்கினார். தெரு சரிவானதோ என்று வெளியூரார் இன்றும் கேட்பதுண்டு. "தெரு சமமாத்தான் இருக்குங்க" என்பார் தையற்காரர், தம் சட்டையின் இடது ஓரத்தை இரண்டு அங்குலம் ஏற்றி வெட்டியபடி.