உட்காரச் சொன்னவன்

மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மேகம் இறங்கி ஜோமோ கர்மோ மலையை இடுப்புவரை மூடிவிட்டது. அடிவார முகாமின் சமையல் கூடாரத்தில் கெலு வாக்கி-டாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழுவுக்குத் தலைமை வழிகாட்டி அவன்தான். உச்சிக்குப் போன ஒன்பது பேரில் எட்டுப் பேர் நாலாம் முகாமுக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பாதவன் கெலுவின் தங்கை லான்ஜியின் புருஷன்.

லான்ஜிதான் முகாமுக்குச் சமையல்காரி. வாய் மூடாமல் பேசிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"இன்னொரு வாட்டி கூப்பிடு. எங்கயாவது உட்கார்ந்து தூங்கியிருப்பாரு. வீட்டுலயும் அப்படித்தான், பத்துத் தடவை கத்தினாத்தான் ஒரு கண்ணு திறக்கும்."

பேச்சு கிண்டலாகத்தான் வந்தது. ஆனால் தோல் உரித்த கிழங்கையே மறுபடி எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள். கெலு அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான்.

"கிகுலி, கிகுலி, நான் கெலு. கேக்குதா? பேசு."

கரகரப்புத் தவிர ஒன்றும் வரவில்லை.

கிகுலி என்றால் நாய்க்குட்டி. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தக்கவில்லை என்று, இவனாவது கெட்ட ஆவிகளின் கண்ணுக்குத் தப்பட்டும் என நாய்க்குட்டி என்று கூப்பிட்டு வளர்த்தார்கள். நிஜப் பெயர் புர்பா. வியாழக்கிழமை பிறந்தால் புர்பா, வேறு யோசனையே கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு புர்பாவின் தலையில்தான் விழும். வளர்ந்து மீசை முளைத்ததும் நாய்க்குட்டி போய் அவனும் புர்பா ஆகிவிட்டான். நாலு வருஷத்துக்கு முன்பு பழைய பெயரே திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வருஷம் இதே மலையில் வேறொரு புர்பா செத்துப்போனான்.

செத்தவன் பெயரை அங்கே யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவன் திரும்பிப் பார்ப்பானாம். அதுவும் எந்த மலையில் செத்தானோ அந்த மலையடியில் நின்றுகொண்டு சொல்லவே கூடாது. அதனால் இந்த முகாமில் வியாழக்கிழமைக்காரர்கள் எல்லாருக்கும் பெயர் மாறியது. ஒருவன் நெட்டையன் ஆனான், ஒருவன் மீசை, இவன் கிகுலி.

நாலாம் முகாமிலிருந்து தகவல் வந்திருந்தது. இறங்கும்போது குழுவில் வந்திருந்த ஒரு வெளிநாட்டு டாக்டரின் ஆக்சிஜன் தீர்ந்துவிட, கிகுலி தன்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டு, "நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்" என்றானாம். அது பதினோரு மணிக்கு. பின்னால் யாரும் வரவில்லை. மேலே இருப்பவர்களுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. ஆக்சிஜன் இல்லாத மனுஷனுக்கு அந்த உயரத்தில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது.

கெலுவுக்கு அந்த டாக்டர் மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம், எல்லார் மேலும் வந்தது. பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த மலையைக் கீழே நின்று கும்பிட்டதோடு சரி. மேலே புல் இல்லை, மாடு மேயாது, அங்கே ஒருத்தனுக்கு என்ன சோலி? அப்புறம் எங்கிருந்தோ ஆட்கள் கயிறும் கொடியுமாக வந்தார்கள். மூட்டை தூக்கப் போன ஊர்க்காரர்கள் ஒரு நாள் தாங்களும் உச்சியில் நின்று பார்த்தார்கள். அதோடு போயிற்று. உச்சியில் ஒன்றும் இல்லை. நாலு பேர் நிற்க இடம், நாலு பக்கமும் காற்று, அவ்வளவுதான். கெலு ஒன்பது தடவை நின்றிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் இனிமேல் வரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு இறங்குவான். பனி உருகும் மாசம் பிறந்ததும் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். சாராயத்தைக்கூட விட்டவர்கள் உண்டு, இதை விட்டவன் ஊரில் ஒருத்தனும் இல்லை.

அவன் மட்டும் நாலு வருஷமாக அடிவார முகாமைத் தாண்டவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

மூன்று மணி ஆயிற்று. மேகம் இன்னும் கீழே இறங்கியது. கல்லடுக்கிக் கட்டியிருந்த பூஜை மேடையின் கொடிகள்கூடத் தெரியவில்லை. லான்ஜியின் பேச்சு நின்றுபோயிற்று. அவள் பேசாமல் இருந்து கெலு பார்த்ததில்லை. அதுதான் அவனை நடுங்க வைத்தது. வாக்கி-டாக்கியை வாயோடு வைத்துக் கத்தினான்.

"புர்பா! டேய் புர்பா! எங்கடா இருக்கே?"

லான்ஜியின் கத்தி நின்றது. சொல்லிவிட்டோம் என்று கெலுவுக்கும் அப்போதுதான் உறைத்தது. கரகரப்பு சட்டென்று அடங்கியது.

"இங்கதாண்ணே இருக்கேன்."

குரல் தெளிவாக இருந்தது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து பேசுவது போல இருந்தது. அந்த உயரத்தில் யார் பேசினாலும் இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு இளைப்பு வாங்கும். இந்தக் குரலில் மூச்சே இல்லை.

"கிடைச்சுட்டாரு!" லான்ஜி கிழங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு புருவத்தைச் சுருக்கினாள். "என்ன சொன்னாரு? அண்ணேன்னா? உன்னையா? மச்சானை அண்ணேங்கிறாரே, அப்ப நான் அவருக்கு என்ன முறையாம்? மேலே காத்து பத்தாம மூளை கலங்கிருச்சா இந்த மனுஷனுக்கு?"

கெலு சிரிக்கவில்லை. தங்கையைத் தவிர அவனை அப்படிக் கூப்பிட்டவன் இந்த உலகத்திலேயே ஒருத்தன்தான்.

"அண்ணே," என்றது குரல், "எழுந்திரிக்கட்டுமா?"

நாலு வருஷத்துக்கு முன்பு கெலு நாலாம் முகாமில் இருந்தான். மேலே ஒரு மணி நேர ஏற்றத்தில் மூன்று பாறைகள் அடுப்பு மாதிரி நிற்கும். அதற்கு அடுப்புக்கல் என்றே பெயர். அங்கிருந்து அந்த இன்னொரு புர்பா, அண்ணே அண்ணே என்று அவன் பின்னாலேயே திரிந்தவன், வாக்கி-டாக்கியில் பேசினான். கண் தெரியவில்லை என்றான். "உட்காரு. அங்கேயே உட்காரு. நான் வர்றேன். நான் சொல்றவரைக்கும் எழுந்திரிக்காதே," என்றான் கெலு. பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். காற்று அவனைத் தரையோடு சாய்த்தது. அடியை எண்ணிக்கொண்டே போனான். இருபது எண்ணினான். பயம் வந்தது, வெறும் பயம், வேறொன்றும் இல்லை. கூடாரத்துக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஊரில் எல்லாரிடமும் அடுப்புக்கல் வரை போனதாகவும் அதற்குள் முடிந்துவிட்டதாகவும் சொன்னான். புர்பாவின் அம்மாவிடம், "கண்ணை என் கையாலதான் மூடினேன்," என்றான். அவள் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புர்பா அடுப்புக்கல்லில் உட்கார்ந்தபடியேதான் இருந்தான். கடந்து போகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது," என்றான் கெலு. 

"எம் பக்கத்துல ஒருத்தன் வந்து உட்கார்ந்திருக்கான். எம் மேலயே சாஞ்சுக்கிட்டான். சூடா இருக்கான்ணே. தூங்கப் போறான்."

லான்ஜி அண்ணனின் தோளை இறுகப் பிடித்தாள்.  அது தன் புருஷன் குரல் இல்லை என்பது இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. யாரென்று அவள் கேட்கவில்லை.

"தூங்க விடாதே," என்றான் கெலு. "எழுப்பு. எழுப்பி நாலாம் முகாமுக்கு இறக்கிவிடு."

"அதுக்கு நானும் எழுந்திரிக்கணுமே. நீ சொல்றவரைக்கும் எழுந்திரிக்காதேன்னியே."

கெலு பொத்தானை விட்டான். எழுந்திரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் செத்தவனை எழுப்பிவிட்டால் திரும்ப உட்கார வைக்க எந்த லாமாவுக்கும் மந்திரம் தெரியாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். எழுந்தவன் எங்கே வருவான், யாரைத் தேடி வருவான்? அது கெலுவுக்கு நன்றாகவே தெரியும்.

"சொல்லு," என்றாள் லான்ஜி. "அது யாரா இருந்தாலும் சரி. எனக்கு அவரு வேணும். சொல்லுண்ணே."

"எழுந்திரி," என்றான் கெலு. "எழுந்திரிடா. அவனைக் கூட்டிக்கிட்டு இறங்கு."

"எதுவரைக்கும்?"

தங்கையின் நகங்கள் அவன் தோளில் பதிந்தன.

"எங்கிட்ட வரைக்கும்."

"சரிண்ணே," என்றது குரல். சின்னப் பையனுக்குப் பண்டம் கிடைத்தது போல அவ்வளவு சந்தோஷம் அதில். பிறகு பழையபடி கரகரப்பு.

லான்ஜி எழுந்து போய்ப் பூஜை மேடையில் ஜூனிபர் தழையைப் போட்டுக் கொளுத்தினாள். காற்றே இல்லை. ஆனாலும் புகை மேலே எழும்பாமல் தரையோடு ஊர்ந்து கூடாரத்துக்குள் வந்தது.

ஐந்து மணிக்கு நாலாம் முகாமிலிருந்து கிகுலி பேசினான். வார்த்தைக்கு வார்த்தை இளைத்தான். அந்த இளைப்பைக் கேட்டதும் லான்ஜி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"மச்சான்... யாரை அனுப்பினீங்க? நல்லா இருப்பான்... தூக்காத குறையா இழுத்துட்டு வந்தான். கூடாரத்துக்குள்ள வாடான்னா வரமாட்டேங்கிறான்."

மறுநாள் வேறொரு குழு மேலேயிருந்து இறங்கியது. அடுப்புக்கல் காலியாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். காற்று தள்ளியிருக்கும் என்றார்கள். கெலு தலையை ஆட்டினான். இரண்டு நாளும் அவன் வெளியே போகவில்லை. முழங்கால் வலி என்றான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கிகுலி அடிவார முகாமுக்கு வந்து சேர்ந்தான். மூக்கு நுனி கறுத்திருந்தது, விரல்களில் கட்டு. லான்ஜி அவனைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதாள், பிறகு திட்டினாள்.

"பெரிய தர்மப் பிரபு! ஆக்சிஜனைக் கழட்டிக் குடுத்தாராம்! தலையையும் கழட்டிக் குடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"குடுத்திருப்பேன், நீ எதை வச்சுத் திட்டுவேன்னுதான் கொண்டாந்துட்டேன்."

அவள் வெண்ணெய் போட்ட உப்புத் தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். கிகுலி இரண்டு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அவனுக்கும் ஒரு கப் ஊத்து."

"யாருக்கு?"

"என்னைக் கொண்டாந்தவனுக்கு. முகாம் முகாமா வெளியவே உட்கார்ந்திருந்தான். நான் கிளம்பினாக் கிளம்புவான். ஒரு வாய் தண்ணி குடிக்கலை. கண்ணாடி போடலை, முகமெல்லாம் பனி மூடிக் கிடக்கு, கண்ணு மட்டும் திறந்தபடியே இருக்கு. இந்த வெளிச்சத்துல எனக்கெல்லாம் கண்ணே குருடாயிருக்கும். கண்ணை மூடிக்கடான்னேன். 'அண்ணன் வந்து மூடுவாரு'ங்கிறான். கிறுக்குப் பய."

கெலு கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

"இப்ப எங்க?" என்றாள் லான்ஜி. 

"பூஜை மேடைகிட்ட உட்கார்ந்திருக்கான். உள்ள வாடான்னா, 'அண்ணன் உட்காருன்னாரு, வர்றேன்னாரு'ங்கிறான். எந்த அண்ணனோ! பேருகூடக் கேட்டேன். எம் பேருதானாம் அவனுக்கும்."

 கெலு எழுந்து பூட்ஸை எடுத்தான்.  லான்ஜி குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டாள்.

"முழங்கால்..." என்றாள், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"முழங்காலுக்கு ஒண்ணுமில்லம்மா. என்னைக்கும் ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் அவன்கிட்டப் போகவே இல்ல. இருபது அடி போனேன், திரும்பி வந்துட்டேன். அவங்கம்மாகிட்டப் பொய் சொன்னேன்."

"போகாதண்ணே."

"அவன் பேரு புர்பா," என்றான் கெலு உரக்க. "நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கான்."

இரண்டு கோப்பைகளில் தேநீர் வாங்கிக்கொண்டு கூடாரத் துணியை ஒதுக்கி வெளியே வந்தான். வெயில் பளீரென்று அடித்தது. பூஜை மேடையின் ஓரத்தில், கல்லுக்கு முதுகைக் கொடுத்து, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி ஒருவன் உட்கார்ந்திருந்தான். மேலிருந்து இறங்கி இவ்வளவு நேரமாகியும் அவன் மேல் இருந்த பனி உருகவில்லை.

கெலு எண்ணிக்கொண்டே நடந்தான். பதினெட்டில் ஒரு கோப்பை தளும்பிக் கையைச் சுட்டது. பத்தொன்பது. இருபதில் அவன் கால் தானாகவே நின்றது.  அந்தக் கண்கள் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வந்துட்டேன்டா," என்று சொல்லிக் கெலு இருபத்தோராவது அடியை எடுத்து வைத்தான்.