பின் வரிசையில் ஒரு தலையசைப்பு

தலை ஆடிவிட்டது. ரோஸலின் டக்கெட் ஆட்டவில்லை, சத்தியமாக ஆட்டவில்லை. அதுவாகவே இடமும் வலமும் ஆடி நின்றது. வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்றக் கணக்குக் குழு கூடும் அறை அது. லாட வடிவ மேசையைச் சுற்றி உறுப்பினர்கள். எதிரே சாட்சி மேசையில் அவளுடைய துறைச் செயலாளர் சர் ஆலிஸ்டர் கின்னியர். அவருக்கு முதுகுப் பக்கம் போட்ட நாற்காலிகளில் ஒன்றில், தடித்த கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவள். சுவரில் இருக்கும் கேமரா அவரைக் காட்டும்போதெல்லாம் அவர் தோளுக்கு மேலே அவள் முகத்தையும் காட்டும். அதனால்தான் பின் வரிசைக்காரர்களுக்கென்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. துண்டுச் சீட்டு எழுதி முன்னால் நீட்டலாம், ரொம்பவும் முடியாவிட்டால் இருமலாம், அவ்வளவுதான். தலையாட்டக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது, பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. துறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதையெல்லாம் பாடம் எடுப்பவளே அவள்தான். கடைசியில் அவள் தலைதான் ஆடித் தொலைத்தது.

விசாரணை கழுத்துப் பொத்தானைப் பற்றி. தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற சின்னப் பொத்தான். விழுந்துவிட்டால் அமுக்கினால் போதும், உதவிக்கு ஆள் வரும். பழைய பொத்தான் தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசியது, அதற்கு வீட்டு மின்சாரம் தேவைப்படவில்லை. துறை பணத்தை வாரிக் கொட்டி நாடு முழுக்க மாற்றிக் கொடுத்த புதுப் பொத்தானுக்குத் தேவைப்பட்டது. ஜனவரிப் புயலில் வடக்கே கம்பங்கள் சாய்ந்து ஊர் ஊராக இருண்டு கிடந்தபோது பொத்தான்களும் சேர்ந்து செத்துப் போயின. கம்ப்ரியாவில் ஓர் அம்மாள் சமையலறைத் தரையில் விழுந்தவள், அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, குளிரில் விறைத்துப் போனாள். இன்னும் சிலர் வேறு வேறு ஊர்களில். இதைத்தான் குழு கேட்டுக்கொண்டிருந்தது: இது முன்கூட்டித் தெரியுமா, தெரியாதா?

தெரியும். புயலுக்கு முந்தைய செப்டம்பரில் கம்ப்ரியாவுக்கு ஆய்வுக்குப் போன ரோஸலின், ஒரு கிழவர் வீட்டில் மின்சாரம் போன நேரத்தில் அவரது பொத்தானைத் தானே அமுக்கிப் பார்த்தாள். பதிலே இல்லை. திரும்பி வந்த அன்றே, அலுவலக மாடிப்படியில் சர் ஆலிஸ்டரை நிறுத்திச் சொன்னாள். கையில் சாண்ட்விச் பொட்டலத்தோடு நின்று பொறுமையாகத்தான் கேட்டார். "இப்ப வேண்டாம், ரோஸ். ஒப்பந்தம் நல்லபடியா முடியட்டும், வசந்த காலத்துல பாத்துக்கலாம். எழுத்துல எதுவும் அனுப்பிடாதே, என்ன?" என்றார். சரி சார் என்று அவளும் தலையாட்டினாள். அவர் சொல்லி எதற்கு அவள் மாட்டேன் என்றிருக்கிறாள்? அவளுக்கு மார்பில் கட்டி வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்க விடாமல் சண்டை போட்டவர் அவர். திராட்சைப் பழம் வாங்கிக்கொண்டு ஞாயிறு தவறாமல் வந்தவர். கூடப் பிறந்த அண்ணன்கூட அப்படி வரவில்லை.

நேற்று துறையில் நடந்த ஒத்திகையில்கூட அவர் நேராகப் பொய் சொல்லவில்லை. 'பல மட்டங்களில் பலவிதத் தகவல்கள் வந்துகொண்டிருந்தன' என்று ஒரு பதிலைத் தயார் செய்திருந்தார்கள். வழவழா கொழகொழாதான், ஆனால் பொய் இல்லை. அதைச் சகித்துக்கொண்டு அவளால் உட்கார்ந்திருக்க முடியும் என்று நினைத்துத்தான் வந்தாள். ஆனால் குழுவின் தலைவி மேவிஸ் ஓல்ட்ராய்ட் யார்க்‌ஷயர்க்காரி, பிடித்தால் விடுகிற ஜாதி இல்லை.

"மட்டம் மட்டம்னு என்கிட்ட ஏணி வித்துக்கிட்டு இருக்காதீங்க, சர் ஆலிஸ்டர். உங்களுக்கு, உங்க காதுக்கு, யாராவது சொன்னாங்களா இல்லையா?"

அவர் தண்ணீர் குடித்தார். "இல்லை. புயலுக்கு முன்னாடி என்கிட்ட யாருமே சொல்லல. யாருமே."

அந்த இரண்டாவது 'யாருமே'யில்தான் அவள் தலை ஆடியது. இத்தனை வருஷம் கூட இருந்தவள் ஒரே சொல்லில் இல்லாத ஆளாகிவிட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது; பெற்றவர்களே யார் நீ என்று கேட்டது போல இருந்தது.

"உங்களுக்குப் பின்னாடி இருக்கிறவங்களுக்கு உங்க பதில் பிடிக்கல போலிருக்கே" என்றாள் மேவிஸ், கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து. "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

அறை முழுக்க அவளைப் பார்த்தது. சர் ஆலிஸ்டரும் திரும்பினார். முறைப்பார் என்று நினைத்தாள், முறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாரே, அதே முகம்.

"கழுத்து வலிங்க, மேடம்."

குபீரென்று சிரிப்பு. "பின்னே வராதா? அந்த நாற்காலில மனுஷன் உக்கார முடியுமா?" என்றார் ஓர் உறுப்பினர். "அதையும் எந்தத் துறை வாங்கிச்சுன்னு விசாரிச்சுடலாம்" என்றாள் மேவிஸ். இன்னும் பலமான சிரிப்பு. அதற்குள் வாக்கெடுப்பு மணி கணகணவென்று அடிக்க, உறுப்பினர்கள் பேனாவைப் போட்டுவிட்டு அவைக்கு ஓடினார்கள். அவர்கள் ஓட்டுப் போட்டுத் திரும்பும் வரை விசாரணை நிற்கும்.

வெளித் தாழ்வாரத்தில் சர் ஆலிஸ்டர் அவள் தோளைப் பற்றி அழுத்தினார். "நீ தங்கம், ரோஸ்."

"சார், பதிலைத் திருத்தி, குழுவுக்கு ஒரு கடிதம் போட்டுடலாம் சார். நினைவுப் பிசகுன்னு சொல்லிக்கலாம். எல்லாரும் செய்யறதுதானே?"

"என்னன்னு போடறது? யாரு சொன்னதா?"

"நான்தானே சார் சொன்னேன்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்." குரலில் கடுமையே இல்லை. பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "எழுத்துல எங்கம்மா இருக்கு? இப்பப் போய்ச் சொன்னா என்னை மட்டுமா கேப்பாங்க? தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தேன்னு உன்னையும்தான் கேப்பாங்க. எனக்கு ஓய்வு வயசு. உனக்கு?"

அமைச்சர் அலுவலகத்துக்குப் பேச வேண்டும் என்று தொலைபேசியோடு ஜன்னல் பக்கம் போனார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. வேலை போகும், பெயர் போகும், வந்த நோய் திரும்பி வந்தால் கூட நிற்க ஒரு மனிதர் இருக்க மாட்டார். சுவர் ஓரம் சாய்ந்து நின்று கழுத்தைத் தடவினாள். வலிக்காத கழுத்தை ஏன் தடவுகிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"உங்களுக்குத்தானே கழுத்து வலி?"

மழைக்கோட்டு போட்ட, பருத்த உடம்புக்காரப் பெண். காலையிலிருந்து பொதுமக்கள் நாற்காலியில் ஒருவரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தவள். கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தாள்.

"போட்டுக்குங்க. கம்ப்ரியாவுல கெண்டல்லேருந்து ரயில்ல வந்தேன், எனக்கும்தான் பிடிச்சுக்கிச்சு. எங்கம்மாவுக்கும் எப்பப் பாத்தாலும் கழுத்துதான். பொத்தான் கயிறு அறுக்குதுடி, கழட்டி வெச்சிடறேன்டிம்பாங்க. கழட்டினீங்கன்னா பாருங்கன்னு நான்தான் திட்டுவேன்." மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி ரோஸலினின் உள்ளங்கையில் வைத்தாள். "கடைசி வரைக்கும் கழட்டலைங்க. கண்டெடுத்தப்போ கையில கெட்டியாப் பிடிச்சிருந்தாங்க."

ரோஸலின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சமையலறைத் தரையில் கிடந்த அம்மாளின் மகள்.

"அவரு உங்க பெரிய அதிகாரிங்களா? யாருமே சொல்லலன்னு சொன்னாரில்ல, அதைக் கேக்கத்தான் வந்தேன்னு வெச்சுக்குங்களேன். தெரிஞ்சே விட்டுட்டாங்களோன்னு தூக்கமே இல்ல எனக்கு. தெரியாம நடந்ததுன்னா என்ன பண்றது, விதின்னு விட்டுட வேண்டியதுதான். தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாங்களா, சொல்லுங்க? முழுங்குங்க, முழுங்குங்க, தண்ணி இருக்கு."

ரோஸலின் விழுங்கினாள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றதால் விழுங்காமல் இருக்க முடியவில்லை. நன்றி என்று சொல்ல வேண்டும், சொன்னாளா என்று நினைவில்லை. உண்மையைச் சொன்னால் இவளுக்கு மறுபடியும் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் இவள் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள், ஊரில் எல்லாரிடமும் லண்டன்காரர்கள் நல்லவர்கள்தான், பாவம் தெரியாமல் போச்சு என்பாள். எது பெரிய பாவம் என்று யாரைக் கேட்பது? அதற்குள் வாயில்காப்பாளர் கதவைத் திறந்துவிட்டார்.

உறுப்பினர்கள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார்கள். சர் ஆலிஸ்டர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சாட்சி மேசைக்குப் போனார். ரோஸலின் தன் நாற்காலிக்கு வந்தாள், கையிலிருந்த கோப்பினை அதில் வைத்தாள், ஆனால் உட்காரவில்லை. மேவிஸ் காகிதங்களைத் தட்டி அடுக்கியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா, கழுத்து தேவலையா? உக்காரப் பயமா இருக்கா?"

உறுப்பினர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"எனக்குக் கழுத்து வலி இல்லைங்க, மேடம்" என்றாள் ரோஸலின். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. "அப்பவும் இல்ல. அவர்கிட்ட நான் சொன்னேன்."

சிரிப்பு ஒவ்வொருவரிடமாக அடங்கியது. குழுவின் எழுத்தர் தலைவியின் காதில் ஏதோ முணுமுணுத்தார். மேவிஸ் கண்ணாடியைக் கழற்றினாள், பிறகு சாட்சி மேசையில் சர் ஆலிஸ்டருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் கையால் காட்டினாள். ரோஸலின் நடந்தாள். நடக்கும்போது பொதுமக்கள் பக்கம் பார்க்கக் கூடாது என்று இருந்தவள், பார்த்துவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தில் மேவிஸின் கேலிக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் மூடி, மூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.