பத்து நாள் பார்த்துவிட்டு

வள்ளித்தாய் கோர்ட்டில் சாட்சி சொல்லிப் பதினோரு மாதம் கழித்து, 1959 ஆனி மாதத்தில், அவளும் அவள் புருஷன் பரமசிவனும் தென்காசிக்கு வந்து இறங்கினார்கள். குடிவரவில்லை. குடிவரலாமா என்று பார்க்க வந்தார்கள்.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் இருந்தது அவர்கள் ஊர். அங்கே பருத்திக் காட்டில் ஆடு இறங்கிய தகராறில், சுடலைமாடன் என்ற ஆட்டுக்காரரை நல்லதம்பி என்பவன் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றான். பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். திருநெல்வேலி கோர்ட்டில் கூண்டேறிச் சொன்னது வள்ளித்தாய் ஒருத்திதான். நல்லதம்பிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த வாரமே அவர்களுடைய வைக்கோல் படப்பு எரிந்தது. பரமசிவன் தையற்காரன், ஊரில் அதன்பிறகு ஒருவரும் அவனிடம் துணி கொடுக்கவில்லை. நல்லதம்பியின் தம்பி சிவசைலம் ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் அவளை மறித்து நின்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எங்கண்ணன் பதினாலு வருசம் உள்ள இருக்கணும். நீ எத்தனை நாள் வெளிய இருக்கேன்னு பாக்குதேன்."

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போவது என்பதுதான் அவர்கள் வீட்டுப் பேச்சு. பரமசிவன் யோசித்துச் சொன்னான்: "இன்னொரு கிராமத்துக்குப் போனா நாலு நாள்ல சேதி போயிரும். மெட்ராஸ்ல நாம கத்துனாக்கூட ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். தென்காசி ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. மசூது பாய் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு."

மசூது தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கோவில்பட்டிச் சந்தையில் பரமசிவன் தைத்த சட்டைகளைப் பார்த்துவிட்டு, தன் கடையிலேயே மெஷின் போட்டுக்கொள்ளச் சொன்னவர். கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய சின்ன வீடு காலியாகக் கிடந்தது. "பத்து நாள் இருந்து பாருங்க. புடிச்சா மெஷினைக் கொண்டாங்க," என்று சாவியைக் கொடுத்தார். அவரிடம் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் தொழில் படுத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

வந்த அன்றே வள்ளித்தாய்க்கு மூச்சு முட்டியது. கரிசல் காட்டில் ஒரு ஆள் வந்தால் ஒரு மைல் தூரத்திலேயே தெரியும். நடையை வைத்தே யாரென்று சொல்லிவிடலாம். இங்கே பத்தடிக்கு ஒரு முடுக்குச் சந்து. விடாத சாரல். எல்லாரும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கிட்டே வருகிறவரைக்கும் முகம் தெரியவில்லை. கோவிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் காற்று ஆளைத் தள்ளியது. அந்தக் காற்றில் பின்னால் யாராவது ஓடிவந்தால்கூடக் கேட்காது. அவள் சாமி கும்பிடாமலே திரும்பிவிட்டாள்.

"ஊரு எப்படி?" என்று பரமசிவன் கேட்டான்.

"தண்ணி நல்லாருக்கு," என்றாள்.

இரண்டாம் நாள் கிணற்றடியில் எதிர்வீட்டு ஆவுடையம்மாள் பேச்சுக் கொடுத்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல். "புதுசா வந்திருக்கியளோ? எந்தூரு?"

"சாத்தூரு," என்றாள் வள்ளித்தாய். வாயில் வந்தது அதுதான்.

"சாத்தூர்ல எங்கன?"

"ஊருக்கு வெளிய."

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். அந்தப் பொய்யைப் புருஷனிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் கிணற்றடியில் நாலைந்து பெண்கள் இருக்கும்போது ஆவுடையம்மாள் சொன்னாள்:

"ஏ பிள்ளே, உம் புருஷன் எங்க வீட்டுக்காரர்ட்ட அருப்புக்கோட்டைன்னாராம். நீ சாத்தூருங்கெ. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கிய?"

எல்லாரும் சிரித்தார்கள். வள்ளித்தாயும் சிரித்து வைத்தாள். முதுகு வியர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. இவர்கள் இப்படியே கேட்டுக்கொண்டு போனால் ஒருநாள் உண்மையில் போய்த்தான் நிற்கும். வீட்டுக்கு வந்து, "நாளைக்கே போயிருவோம்," என்றாள்.

"பத்து நாள் சொல்லியிருக்கோம். பாதியில போனா பாய் என்ன நெனைப்பாரு?"

மறுநாள் காலையில் ஆவுடையம்மாளே வாசலில் வந்து நின்றாள். "குத்தாலத்துக்கு வண்டி பேசியிருக்கு. கெளம்பு. சீசன்ல இங்க வந்துட்டு அருவி பாக்காமப் போவியா?"

வரமாட்டேன் என்றால் அதற்கும் ஒரு கேள்வி வரும். வள்ளித்தாய் மாற்றுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு குதிரை வண்டியில் ஏறினாள். மூன்று மைல். வழி முழுக்க வண்டிகள். அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு காதில் விழுந்தது. கோவில்பட்டிப் பேச்சு, எட்டயபுரத்துப் பேச்சு, ஒரு வண்டியில் விளாத்திகுளத்து வியாபாரி ஒருவரின் முகம். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். தென்காசியில் தன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றுதான் வந்தார்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஜில்லாவே இங்கே குளிக்க வருகிறது. இதை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?

பேரருவியில் பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். ஆவுடையம்மாள் அவளை இழுத்துக்கொண்டுபோய் நீருக்கடியில் நிறுத்தினாள். தலையில் கல் விழுவது போல விழுந்தது தண்ணீர். கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷம் மட்டும், வள்ளித்தாய் பயத்தை மறந்தாள். அப்போது யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

ஆவுடையம்மாள் என்று நினைத்தாள். பிடி இறுகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். செண்பகவல்லி. நல்லதம்பியின் பெண்டாட்டி. கேஸ் நடந்த நாளெல்லாம் கோர்ட்டு வராந்தாவில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவள். இப்போது பாதியாக இளைத்திருந்தாள்.

கால் வைத்திருந்த பாறை வழுக்கியது. தள்ளினால் போதும். தவறி விழுந்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம். வள்ளித்தாய் கத்தினாள், அருவிச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

செண்பகவல்லி அவளை இழுத்து அருவியின் ஓரத்துக்குக் கொண்டு வந்தாள். காதோடு வாய் வைத்துக் கேட்டாள்.

"கோர்ட்டுல நீ சொன்னது நெசமா?"

வள்ளித்தாய் கையை உருவப் பார்த்தாள்.

"காசு வாங்கிட்டுச் சொன்னேங்காக. எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக. நீ சொல்லு. அவுக கையில அரிவா இருந்ததை நீ பாத்தியா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று வள்ளித்தாய்க்குத் தோன்றியது. பிடித்த கை விட்டுவிடும். ஆனால் அந்தக் கண்கள் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பதில் தெரியாமல் ஒருத்தியால் ஒரு வருஷமாகத் தூங்க முடியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"பாத்தேன்," என்றாள். "ரெண்டு வெட்டு. அந்தாளு கையெடுத்துக் கும்பிட்டாரு."

செண்பகவல்லி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடியை விட்டாள். வள்ளித்தாயின் மணிக்கட்டில் விரல்கள் பதிந்து சிவந்திருந்தன.

"எங்கொழுந்தன் சிவசைலம் வந்திருக்கான். பழக்கடைகிட்ட நிக்கான். நாங்க வண்டி ஏறுத வரைக்கும் நீ வெளிய வராத." இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். "வருசா வருசம் சீசனுக்கு வருவாக இவுக. பாத்துக்க."

வள்ளித்தாய் அருவி ஓரத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றாள். ஆவுடையம்மாள் தேடிப்பிடித்து, "என்னட்டி, ஒதடு நீலம் பாஞ்சு கெடக்கு, போதும் வா," என்று இழுத்தபோதும் அசையவில்லை. தலைசுற்றுகிறது என்று சொல்லி அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்தபோது பழக்கடைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலே ஒவ்வொரு வேட்டியும் தெரிந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே மசூதின் கடைக்குப் போனாள். பரமசிவன் உள்ளே சட்டைத்துணி வெட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னாள். அவன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தான்.

"சாயங்காலம் பஸ் இருக்கு."

"எங்க போக?"

அவன் வெட்டிய துணியைச் சுருட்டத் தொடங்கினான்.

"இங்கன எந்த மாசம் வருவான்னாவது தெரியுது," என்றாள் வள்ளித்தாய். "வேற ஊர்ல அதுவும் தெரியாது. எனக்கு அவனைவிட இந்தப் பொய்தான் கொல்லுது. சாத்தூருங்கேன், நீங்க அருப்புக்கோட்டைங்கிய. நாளைக்கு ஒண்ணு நடந்தா நாம யாருன்னே இங்க ஒருத்தருக்கும் தெரியாது. பாய்கிட்டச் சொல்லுவோம்."

"சொன்னா வீடு போயிரும்."

"போட்டும்."

மசூது துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்தபிறகும் மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"இதை மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா வீடு தந்திருப்பியளா?" என்று வள்ளித்தாய் கேட்டாள்.

"தந்திருக்க மாட்டேன்," என்றார். "எனக்கு நாலு பொம்பளப் பிள்ளைக. கடை ரோட்டு மேல இருக்கு. நாளைக்கு மதியம் லுஹர் தொழுதுட்டு வருவேன். அப்பச் சொல்லுதேன்."

அந்த ஒரு நாள் அவர்கள் கதவைத் திறக்கவில்லை. சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால் பரமசிவன் எழுந்து நிற்பான். அது கடந்து போனால் உட்காருவான். மறுநாள் மதியம் கதவு தட்டப்பட்டபோது இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. "நாந்தான்," என்று மசூதின் குரல் கேட்டது.

"பயமாத்தான் இருக்கு," என்று நின்றுகொண்டே சொன்னார் அவர். "ஆனா போங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, பொறவு உங்களைப் பத்தி ஒரு சேதி காதுல விழுந்தா, அது இதைவிட மோசமா இருக்கும். இருங்க. ஒண்ணு மட்டும். போலீஸ் ஸ்டேஷன்ல பேரு, ஊரு, கேஸு, எல்லாம் எழுதிக் குடுத்துருங்க. சந்துல நாலு பேருக்கும் தெரியட்டும். ஒளிஞ்சிருக்கதுன்னா என் கடை வேண்டாம்."

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது வள்ளித்தாயின் பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. அன்று மாலை ஆவுடையம்மாளிடம் போய், "நான் சாத்தூரு இல்ல அக்கா," என்று தொடங்கினாள். ஆவுடையம்மாள் முழுவதும் கேட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் அவள் கிணற்றடிக்கு வரவேயில்லை. அவ்வளவுதான், இந்த ஊரும் முடிந்தது என்று வள்ளித்தாய் நினைத்தாள்.

பத்தாம் நாள் காலையில் ஆவுடையம்மாள் வாளியோடு வந்தாள்.

"அந்தச் சிவசைலம் ஆளு எப்படி இருப்பான்? நெட்டையா, குட்டையா? அடையாளம் சொல்லு."

ஆவணி கடைசியில் மசூதின் கடையில் தையல் மெஷின் வந்து இறங்கியது. ஒன்பது மாதம் ஒன்றும் நடக்காமல் ஓடியது. பரமசிவன் வெட்டிக் கொடுக்க, வள்ளித்தாய் தைத்தாள். மறுவருஷம் முதல் சாரல் விழுந்த அன்று அவள் மெஷினைத் தெருவாசலிலிருந்து கடையின் உள்பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னாள். அருவிப் பக்கம் போகவில்லை. குதிரை வண்டிச் சத்தம் கேட்டால் மிதிக்கிற கால் நின்றுபோகும்.

ஆடி இரண்டாவது வாரம், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருவன் ஏறினான். சிவசைலம். நேராக உள்ளே பார்த்தான். யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"இங்கதான் இருக்கியா?" என்றான்.

பரமசிவன் கத்திரிக்கோலை எடுத்தான். எழுந்து ஓடுவதற்குப் பின்பக்கம் வழி உண்டு. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஆமா," என்றாள். "இங்கதான் இருக்கேன்."

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அப்போது மசூது கல்லாவிலிருந்து எழுந்தார்.

"வாங்க சிவசைலம். உக்காருங்க. என்ன துணி பாக்குதிய?"

சிவசைலம் திரும்பினான். தன் பெயர் இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. துணி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த கடையாட்கள் இருவரும் கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். ரவிக்கைத் துணி பார்க்க வந்து உட்கார்ந்திருந்த சந்துப் பெண்கள் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி சத்தமாகவே, "இவன்தானா?" என்றாள்.

அவன் கடைக்காரரைப் பார்த்தான். வள்ளித்தாயைப் பார்த்தான். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனான். எதுவும் சொல்லாமல் போனதே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பரமசிவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "போயிருவோமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று. அறுந்திருந்த நூலை எடுத்து ஊசியில் கோக்கப் பார்த்தாள். மூன்று தடவை தவறியது. அவன் வாங்கிக் கோத்துக் கொடுத்தான். அன்றைக்கு முழுக்க, ஒவ்வொரு தடவையும் அவன்தான் கோத்துக் கொடுத்தான்.