எடுத்ததும் கொடுத்ததும்

சென்னைக் கல்லூரி அலுவலகத்திலிருந்து போனில் பேசியவர் அதே பதிலை இரண்டாம் தடவையும் சொன்னபோது இந்துப்ரியா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினாள். எம்.எஸ்ஸி.தான், சைபர் ஃபாரன்ஸிக்ஸ்தான், முடித்தால் போலீசில் வேலை உண்டா, பாங்க்கில் வேலை உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, ஏனென்றால் இதுவரை ஒருவரும் முடிக்கவில்லை. வேண்டுமானால் போன வருஷம் சேர்ந்த ஒருவரின் நம்பர் தருவதாகச் சொன்னார். அந்த நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

2009 ஜூன் மாதம். சிம்மக்கல்லில் மொத்தப் பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. மேசைமேல் மூன்று விண்ணப்பங்கள் கிடந்தன. சென்னையில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று, குஜராத்தில் ஒன்று. மூன்றின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே புரட்டினால்தான் குழப்பம். சென்னையில் பாதிக்குப் பாதி சட்டம். கோயம்புத்தூரில் பெயர் மட்டும்தான் புதிது, பி.எஸ்ஸி.யில் அவள் படித்து முடித்த பாடங்களே சட்டையை மாற்றிக்கொண்டு நின்றன. குஜராத்தில் கைரேகையும் விஷமும் ரத்தமும் படிக்கிறவர்களோடு ஒரே கட்டடத்தில் இதையும் படிக்க வேண்டும், அதோடு இந்தப் படிப்பு எதற்காக வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியனுப்பவும் வேண்டும். எது நல்லது என்று கேட்க அவளுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்த மேடம், "அப்படி ஒரு கோர்ஸ் இருக்கா?" என்று அவளிடமே கேட்டார்கள்.

அப்பா ஹரிநாராயணன் கப்பலூரில் ஒரு பைப் கம்பெனியில் சூப்பர்வைசர். ஃபாரன்ஸிக் என்ற வார்த்தையை அவர் பேப்பரில் கொலைச் செய்திகளில் மட்டும் படித்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போது, பிணத்தைத் தொட வேண்டியிருக்குமா என்று மெல்லக் கேட்டார். இல்லை, கம்ப்யூட்டரில் அழித்ததைத் திரும்ப எடுத்து, அது என்ன, யார் எப்போது அழித்தது என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது என்றாள். அவருக்கு நிம்மதியானது. ஆனால் குஜராத் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்ட்ரம். "நம்மாளுக அங்கருந்து கிளம்பி வந்து எத்தனையோ நூறு வருஷமாச்சு. நீ மட்டும் திரும்பிப் போறியா?" என்றார். நம் பேச்சு அங்கே ஒருத்தருக்கும் புரியாது என்று அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள்.

இந்த யோசனையே விஜயத்தம்மா வந்த பிறகுதான் அவளுக்கு வந்தது. ஏப்ரலில் ஒரு நாள் காலை, ஆட்டோவில் ஒரு சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஐம்பது வயதிருக்கும். தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. ஒரே பையன் குருபிரசாத், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், பதினொரு நாளாகக் காணவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. வயது வந்த பையன், கோபம் தணிந்தால் வருவான் என்றார்களாம். போவதற்கு முந்தின நாள் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு, கொழந்தே. எனக்கு அது போறும்" என்றார்கள்.

கடை முதலாளி காளை, நடக்கிற காரியமில்லை என்று அவளிடம் கண்ணைக் காட்டினார். அவள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாட்டி, இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை ஓட விட்டாள். விஜயத்தம்மா பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார்கள், காபி வாங்கிக் கொடுத்தால் வேண்டாமென்றார்கள். நாலு மணிக்குத் திரையில் கோப்புகள் வரிசையாக எழ ஆரம்பித்தன. பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக. பாட்டு, படம், பாதி உடைந்த வீடியோ. நடுவில் மைசூருக்கு ஒரு ரயில் டிக்கெட். அப்புறம் சிநேகிதன் ஒருவன் அனுப்பிய மெயில், அதில் ஒரு பேக்கரியின் முகவரி. இந்துப்ரியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பரீட்சையிலோ வேறெதிலோ அதுவரை அவளுக்கு அப்படி ஆனதில்லை.

அவற்றுக்குக் கீழே ஒரு கடிதம் ஏழு வடிவத்தில் கிடந்தது. ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்தான். அம்மா, நான் ஒரு வருஷமாகக் காலேஜுக்குப் போகவில்லை. முதலில் பெயிலானேன், அப்புறம் போக முடியவில்லை. நீ கட்டித் தருகிற சாதத்தை வண்டியூர்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வருகிறேன். நீ தினமும் இன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று கேட்கும்போது நான் சொல்வதெல்லாம் பொய். வெளியூர் போய் ஒரு தொழில் கற்றுக்கொண்டு நானே வந்து சொல்கிறேன், அதுவரை தேடாதே. ஏழாவதில் இரண்டே வரிதான் மிஞ்சியிருந்தது.

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். டிக்கெட்டையும் முகவரியையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். கடிதத்தைக் கொடுக்கவில்லை. கேட்டது எங்கே என்பது மட்டும்தானே என்று அப்போது நினைத்தாள். இதைப் படித்தால் அந்த அம்மா இங்கேயே விழுந்துவிடுவார்கள் என்றும் நினைத்தாள். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ஒரு வாரத்தில் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். விஜயத்தம்மா தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்கள். காளை சிம்மக்கல் முழுக்கச் சொல்லி முடித்தார். "ஒனக்குக் கை ராசிம்மா. இதுக்குன்னு ஒரு படிப்பு இருந்தா போய்ப் படி" என்றார். அப்படித்தான் தேடினாள். அப்படித்தான் மூன்று விண்ணப்பங்கள் மேசைக்கு வந்தன.

விண்ணப்பங்களைத் தபாலில் சேர்க்கும் கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது குருபிரசாத் கடைக்கு வந்தான். அவள் அவனைப் பார்த்ததில்லை. ஆனால் படத்தில் பார்த்திருந்ததால் படியேறும்போதே தெரிந்துவிட்டது. படத்தில் இருந்ததைவிட ஒல்லி. கையில் மணிக்கட்டுக்கு மேலே அடுப்புச் சூடு பட்ட கோடு ஒன்று கறுத்திருந்தது. கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்துக் காளையண்ணன் இருக்கிறாரா என்று பார்த்தாள். அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அவன் சத்தம் போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னான். பெரியப்பாவும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு கார் பிடித்து வந்தார்களாம். பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவனை, கையைக் கழுவக்கூட விடாமல் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். ஏன் போனாய் என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ பெண் விஷயம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். காலேஜ் திறந்ததிலிருந்து தினமும் மாமா வண்டியில் வாசல் வரை கொண்டுவிடுகிறார். அவன் பெயர் அங்கே வருகைப் பதிவேட்டிலேயே இல்லை. மாமா தலை மறைந்ததும் பின்வாசல் வழியாக வெளியே வந்துவிடுகிறான். மறுபடியும் அதே கண்மாய்க் கரைதான்.

"அந்த லெட்டரும் கெடச்சுதா?" என்று கேட்டான்.

"கெடச்சுச்சு."

"படிச்சேளா?"

"படிச்சேன்."

"அம்மாகிட்ட ஏன் குடுக்கலை?"

நீங்கள் அழித்தது, அதனால் கொடுக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் டிக்கெட்டும் அவன் அழித்ததுதானே. அம்மா தாங்கமாட்டார்கள் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். ஆனால் அதை நினைக்க அவள் யார்?

"எங்க இருக்கேன்னு சொன்னேள், ஏன் போனேன்னு சொல்லலை. ரெண்டையும் சொல்லியிருக்கலாம். இல்லேன்னா ரெண்டையும் விட்டிருக்கலாம்" என்றான் அவன். குற்றம் சொல்கிற குரலில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப் போனதைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிதான் சொன்னான்.

இந்துப்ரியா எழுந்து, அலமாரியில் சிடிகளுக்கு நடுவே தேடினாள். வாடிக்கையாளரின் டிஸ்க்கிலிருந்து எடுத்துப் பதிந்து வைத்த சிடியை ஒரு மாதம் கழித்து உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்பது கடை வழக்கம். இதை மட்டும் அவள் உடைக்கவில்லை. ஏழையும் பிரிண்ட் எடுத்தாள். நானே வந்து கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு அவன் வேண்டாமென்றான். தாள்களை மடிக்காமல் சட்டைக்குள் விட்டுக்கொண்டு படியிறங்கினான். கொடுப்பானா, வழியில் கிழித்துப் போடுவானா, மறுபடி ரயிலேறுவானா என்று தெரியவில்லை. இந்தத் தடவை அவனைத் தேடச் சொல்லி அந்த அம்மா வந்து நின்றால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் அவள் விண்ணப்பங்களைத் தொடவில்லை. பேசாமல் எம்.சி.ஏ. சேர்ந்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் விவரம் கேட்கவில்லை. மூன்று கல்லூரிக்கும் கம்பெனி போனிலிருந்து பேசிக் குறித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து வந்து காட்டினார். விடுதி, சாப்பாடு, ரயில் மாறும் இடம் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பியிருந்தார். அந்தத் தாளைப் பார்த்தபோது எம்.சி.ஏ. என்று சொன்னது வெட்கமாக இருந்தது.

அன்று மூன்று பாடத்திட்டங்களையும் மறுபடி வரிசையாகப் படித்தாள். சென்னையில் எப்படி எடுப்பது என்று இருந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று இருந்தது. குஜராத்தில் மூன்றாம் செமஸ்டரில் ஒரு தாள், கண்டதை அறிக்கையாக எழுதுவது, சாட்சிக் கூண்டில் நின்று சொல்வது. நாலே வரிதான் போட்டிருந்தார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அதில் கற்றுத் தருவார்களா, அல்லது பக்க எண் போடுவதும் கையெழுத்து வைப்பதும்தானா என்று அந்த நாலு வரியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்காக இந்தப் படிப்பு என்ற பக்கத்தில், ஒரு வீட்டில் நான் பாதியை மட்டும் சொன்னேன் என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். பெயர் எதுவும் போடவில்லை. முடிவில், நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, இப்படியொரு வரியைப் படித்தால் யார் இடம் கொடுப்பார்கள் என்று நினைத்து அதை அடித்துவிடப் போனாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் மத்தியானம் விரைவுத் தபாலில் குஜராத் உறையைச் சேர்த்தாள். சென்னை விண்ணப்பம் கைப்பையிலேயே இருந்தது. அதையும் அனுப்பியிருக்கலாமோ என்ற எண்ணம் பஸ்ஸில் ஏறிய பிறகும் விடவில்லை. பஸ் காமராஜர் சாலையில் நின்று நின்று ஊர்ந்து, தெப்பக்குளத்து நிறுத்தத்துக்கு வந்தபோது ஒரு கல்யாண வேன் குறுக்கே மாட்டிக்கொண்டது. குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் இரண்டு மூன்று கூட்டம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் நிழல் விழுந்த பக்கமாக விஜயத்தம்மா உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தாள்கள். ஒரு தாளைக் கண்ணாடிக்குத் தள்ளிப் பிடித்து, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக விரலை வைத்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படி கீழே குருபிரசாத், ஆட்டத்தைப் பார்த்தபடி. ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. முன்னே போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அவர்கள் அவன் தோளைத் தொட்டார்கள். அவன் திரும்பி, எழும்பி, தாளின் மேல் குனிந்து, அந்த வார்த்தையை வாய்விட்டுப் படித்துக் கொடுத்தான்.